சைலன்ஸர் சுட்ட தழும்பு: கருமை ஒரு கணக்கு, மேடு ஒரு கணக்கு

வலது கெண்டைக்காலின் உட்புறத்தில் முட்டை வடிவத்தில் ஒரு கறுப்பு அடையாளம். கட்டுப் போடும் அறையில் வேலை பார்த்தவர்களுக்கு அதைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், பைக் சைலன்ஸர் சூடு என்று. சுட்டது மூன்று விநாடி, ஆறியது மூன்று வாரம், கறுப்பு மட்டும் மூன்று வருஷமாகப் போகவில்லை என்பார்கள். கூடவே, "தழும்பு போக ஏதாவது க்ரீம் எழுதிக் குடுங்க" என்பார்கள்.

தழும்பு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. தோல் நிறம் மாறியது ஒன்று. தோல் மேடாகி, இறுகி, இழுத்துப் பிடித்தது இன்னொன்று. இவை இரண்டும் வெவ்வேறு செல்களின் வேலை, வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு நாட்களில் நடப்பவை. ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றதற்குப் பூசினால் பலன் கிடைக்காது. பல சமயம் இருப்பதும் கெட்டுப்போகும்.

முதலில் செல்களைப் பார்த்துவிடலாம். மேல்தோலில் பெரும்பாலானவை கெரட்டினோசைட்டுகள். மேல்தோல் செல் என்றே வைத்துக்கொள்வோம். அடிவரிசையில் பிறந்து, மெல்ல மேலே ஏறி, செத்துச் செதிலாக உதிர அவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதே அடிவரிசையில் ஆங்காங்கே உட்கார்ந்திருப்பது மெலனோசைட், அதாவது நிறமிச் செல். ஒவ்வொரு நிறமிச் செல்லும் கைகளை நீட்டி, சுற்றியுள்ள சுமார் 36 மேல்தோல் செல்களுக்கு மெலனின் என்ற நிறமியைப் பொட்டலங்களாக விநியோகிக்கிறது. வாங்கிய செல் அந்தப் பொட்டலத்தைத் தன் உட்கருவுக்கு மேலே குடை மாதிரி பிடித்துக்கொள்ளும். வெயிலிலிருந்து மரபுப்பொருளைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். நம் பொட்டலங்கள் பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை, சீக்கிரம் சிதையாதவை. அதனால்தான் அவர்களுக்கு ஒரு சின்னக் காயம் சிவந்து மறைகிறது, நமக்கு அதே காயம் கறுத்து நிற்கிறது.

மூன்றாவது ஆள் கீழே, உள்தோலில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட். நார்ச் செல் என்போம். கொலாஜன் நாரை நெய்வது அது. காயம்பட்டால் அதில் ஒரு பகுதி தசைச் செல்லைப் போல இழுக்கும் சக்தி பெற்று, காயத்தின் விளிம்புகளை உள்ளே இழுத்துச் சுருக்கும். வேலை முடிந்ததும் அந்த இழுக்கும் செல்கள் தாமாகவே மடிய வேண்டும். மடியாமல் நின்றுவிட்டால்தான் மேட்டுத் தழும்பு.

மூன்றும் தனித்தனியாக வேலை பார்ப்பதில்லை. வெந்துபோன மேல்தோல் செல், பக்கத்து நிறமிச் செல்லுக்கு "நிறமி அனுப்பு" என்று வேதிச் செய்தி விடுகிறது. அழற்சியில் ஊறும் ஹிஸ்டமின், புரோஸ்டாகிளான்டின் போன்றவையும் அதே செல்லைத் தூண்டுகின்றன. மேலே தோல் மூடாதவரை கீழே நார்ச் செல்லுக்கு "நிறுத்து" என்ற உத்தரவு போகாது. ஆக, புண் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கருமை, மேடு இரண்டின் கணக்கிலும் ஏறுகிறது. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: சீக்கிரம் மூட வேண்டும், மூடிய பிறகு மறுபடி எரிச்சலூட்டக் கூடாது.

சுட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரம் பார்த்து 20. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடுவார்கள், தோலுக்குள் தங்கிய சூடு அதற்குள் ஆறியிருக்காது. சுட்டு மூன்று மணி நேரம் வரை இதற்குப் பலன் உண்டு என்பதால், வழியில் பட்டிருந்தாலும் வீட்டுக்கு வந்து காட்டலாம். ஐஸ் வேண்டாம். ரத்தக்குழாய் சுருங்கி, பிழைத்திருக்கக்கூடிய செல்லும் செத்துப்போகும். பற்பசை, இட்லி மாவு, நீல மை, மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். மை பூசினால் இன்னொரு தொல்லையும் உண்டு, காயத்தின் ஆழத்தை மருத்துவரால் கண்டுபிடிக்க முடியாது. சைலன்ஸர் சூடு பார்க்கச் சின்னதாகத் தெரிந்தாலும் பழுக்கக் காய்ந்த உலோகம் அழுந்திப் பட்டது. கொதிநீர் தெறித்த புண்ணைவிட ஆழமாக இருப்பதே வழக்கம். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

கொப்புளத்தைக் குத்தலாமா என்ற கேள்விக்கு: பட்டாணி அளவுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், அந்தத் தோலே நல்ல கட்டு. பெரிதாக, உடையும் நிலையில், அல்லது மூட்டின் மேல் இருந்தால் மருத்துவமனையில் சுத்தமாக வெட்டி எடுப்பார்கள். வீட்டில் ஊசியால் குத்தி, தோலைப் பிய்ப்பதுதான் மோசம். பிய்க்கும்போது ஓரத்தில் உயிரோடு ஒட்டியிருக்கும் அடிவரிசையும் சேர்ந்து வந்துவிடும்.

அடுத்தது, "காத்தாட விடு, பொருக்குக் கட்டட்டும்" என்ற பழைய நம்பிக்கை. 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் காட்டியது இதற்கு நேரெதிர். ஈரம் காயாமல் பாலித்தீன் படலத்தால் மூடிய புண்ணில், பொருக்குக் கட்டிய புண்ணைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மேல்தோல் மூடியது. காரணம் எளிது. மேல்தோல் செல்கள் புண்ணின் ஓரத்திலிருந்தும், புண்ணுக்குள் பிழைத்திருக்கும் முடிக்கால்களிலிருந்தும் ஊர்ந்து வருகின்றன. ஈரத்தின் மேல் நேராக ஊரும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும்.

வீட்டில் கட்டுப் போடும் முறை: கழுவ, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தட்டையாக ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு, அதாவது நாலரை கிராம். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். டெட்டாலை நீர்க்காமல் ஊற்றுவதும், ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைக்க நுரைக்கத் தினமும் விடுவதும் கிருமியோடு புதுச் செல்களையும் கொல்கிற வேலை. கழுவிய பின் பாரஃபின் தடவிய வலைத்துணியைப் புண்ணைவிட ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டி வைத்து, மேலே நான்கு மடிப்புக் காஸ், அதன்மேல் ரோலர் பேண்டேஜ். நீர் ஊறி வெளியே தெரியாவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தினமும் பிரித்துப் பார்ப்பது அக்கறை போலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பிரிப்பிலும் முந்தைய நாள் ஊர்ந்து வந்த செல்கள் துணியோடு கிளம்பிவிடுகின்றன. ஒட்டியிருந்தால் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுக்கவும். எடுக்கும்போது ரத்தம் கசிந்தால், அன்றைய வளர்ச்சி போயிற்று என்று பொருள்.

தீப்புண்ணுக்கு எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற சில்வர் சல்ஃபாடயசின் வெள்ளைக் க்ரீம் பற்றி ஒரு வார்த்தை. ஆழமான, கிருமி பிடிக்கும் அபாயமுள்ள தீப்புண்ணில் அதற்கு இடம் உண்டு. ஆழமில்லாத புண்ணில் ஆறும்வரை அதையே அப்பிக்கொண்டிருந்தால் மேல்தோல் மூடுவது தாமதமாகும், மேலே வெள்ளையாக ஒரு படிவும் படிந்து புண்ணின் நிலையே தெரியாமல் போகும். நியோமைசின் கலந்த களிம்புகளில் வேறு சிக்கல். சிலருக்கு அதுவே ஒவ்வாமையாகி, புண்ணைச் சுற்றிச் சதுரமாக அரிப்பெடுத்துக் கறுக்கும். கருமை கட்டுத்துணியின் வடிவத்தில் இருந்தால் களிம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வாழையிலையை ஏளனம் செய்ய வேண்டாம். புண்ணில் ஒட்டாத, மெழுகுப் பூச்சுள்ள அந்த இலையைக் கிருமிநீக்கம் செய்து தீப்புண்ணுக்கும், வேறிடத்தில் ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடத்துக்கும் கட்டாகப் பயன்படுத்தி இந்திய மருத்துவர்கள் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். கொல்லையில் அறுத்து அப்படியே வைப்பது வேறு விஷயம், அது கூடாது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் மாட்டுத் தோலின் கொலாஜனிலிருந்து புண்ணை மூடும் தாள்களை உருவாக்கியிருக்கிறது. செருப்புக்குத் தோல் பதனிடும் ஆராய்ச்சி, புண்ணுக்குத் தோல் போர்த்தும் இடம் வரை வந்தது.

இப்போது நாட்காட்டி. பத்து நாளுக்குள் மூடிய புண் மேடாவது அரிது. மூன்று வாரம் தாண்டியும் மூடாத தீப்புண் பெரும்பாலும் மேடாகும். அதனால் 14-ஆம் நாளும் நடுவில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ, தொட்டால் உணர்ச்சியில்லாமலோ இருந்தால் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று உட்காராதீர்கள். தோல் ஒட்ட வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் அது. ஆழத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இடுப்புத் தோலில் சாய்வாகக் கீறிப் பார்த்த ஆய்வொன்றில், உள்தோலின் மேல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அந்த ஆழம்வரை கீறிய இடம் தழும்பின்றி ஆறியது. அதற்குக் கீழே போன இடத்தில்தான் தழும்பு விழுந்தது.

பைக் பேச்சு வந்ததால் சிராய்ப்பையும் சொல்லிவிட வேண்டும். தார்ச்சாலையில் உரசிய காயத்தில் புதைந்த மண்ணையும் தார்த்துகளையும் அன்றைக்கே, மரத்துப்போக மருந்து கொடுத்து, மென்மையான பிரஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். வலிக்குப் பயந்து விட்டால், தோல் அதன் மேலேயே மூடி, பச்சை குத்தியது போல நீலக்கறுப்புப் புள்ளிகளாக நிரந்தரமாக நிற்கும். இது மெலனினே இல்லை, எந்த நிறமி க்ரீமும் இதைத் தொடாது. ரத்தம் நிற்கக் காபிப்பொடி அமுக்குகிற பழக்கமும் இதே வகைதான். சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலான ரத்தக்கசிவு நின்றுவிடும்.

தையல் போட்ட காயம் என்றால், பிரிக்கும் நாள் தழும்பைத் தீர்மானிக்கும். முகத்தில் ஏறத்தாழ ஐந்தாம் நாள், உடம்பில் ஏழு முதல் பத்து, கை காலில் பத்து முதல் பதினான்கு. முகத் தையலைப் பத்து நாள் விட்டால் ஒவ்வொரு நூலும் தன் தடத்தை விட்டு, தண்டவாளம் போலக் குறுக்குக்கோடு விழும்.

இனி மூடிய பிறகு. இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது.

புதுத்தோல் முதலில் இளஞ்சிவப்பாக இருக்கும். மேல்தோல் செல்கள் வேகமாக ஊர்ந்து வந்துவிட்டன, நிறமிச் செல்கள் எண்ணிக்கையில் குறைவு, மெதுவாகப் பெருகுபவை, பின்னால் வருகின்றன. அந்தச் சிவப்பைப் பார்த்து "வெள்ளையாகிவிட்டது" என்று சிலர் பயப்படுவார்கள். சில வாரங்களில் நிறமிச் செல்கள் வந்து சேரும், அப்போது அழற்சியின் செய்திகள் இன்னும் ஓய்ந்திருக்காததால் அளவுக்கு மீறி நிறமி ஊற்றும். அதுதான் கருமை. ஆக, இளஞ்சிவப்பாக இருக்கும் அந்த வாரங்களே கருமையைத் தடுக்கும் காலம். வெயில் படக்கூடாது, அரிப்பைச் சொறியக்கூடாது, எரிகிற எதையும் பூசக்கூடாது.

வெயிலுக்குக் கெண்டைக்காலில் சன்ஸ்கிரீனைவிடத் துணி மேல். நெருக்கமாக நெய்த பேன்ட் அல்லது நீள சாக்ஸ். முகத்திலும் கையிலும் என்றால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத, அயர்ன் ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன். நம் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீலப் பகுதியும் நிறமிச் செல்லைத் தூண்டுகிறது, நிறமற்ற சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஓர் உள்ளங்கை அகல இடத்துக்கு, ஆள்காட்டி விரலின் மேல்கணு நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கினால் தாராளமாகப் போதும். வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

அரிப்புக்கு வாசனையில்லாத வாசலின் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. இரவில் தூக்கத்தில் சொறிந்தால் மருத்துவரிடம் அரிப்பு மாத்திரை கேட்கலாம். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் நின்றால், சாறும் வெயிலும் சேர்ந்தே தோலைப் புண்ணாக்கிப் புதுக் கறுப்பைக் கொண்டுவரும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. 1999-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் தழும்பின் தோற்றத்துக்கு அதனால் பலன் தெரியவில்லை, மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமை மட்டும் வந்தது.

கறுப்பு வந்துவிட்டது என்றால், அது எந்த ஆழத்தில் என்று பாருங்கள். தேன் நிறப் பழுப்பு என்றால் நிறமி மேல்தோலில் இருக்கிறது. செல்கள் உதிர உதிர ஆறு மாதம், ஒரு வருஷத்தில் மங்கும். சாம்பல் கலந்த நீலக்கறுப்பு என்றால் அடிவரிசை உடைந்து நிறமி உள்தோலுக்குள் சிந்தி, அங்கே அதை விழுங்கிய செல்கள் அப்படியே வைத்துக்கொண்டிருக்கின்றன. பூசும் மருந்து அங்கே எட்டுவது குறைவு, காலம் வருஷக் கணக்கு. சைலன்ஸர் தழும்பு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம், ஆழமான சூடு, மெதுவாக ஆறும் கீழ்க்கால் இரண்டும் சேர்ந்திருப்பதுதான்.

பழுப்புக்கு மருந்து தொடங்க, சிவப்பும் செதிலும் எரிச்சலும் முற்றிலும் அடங்கியிருக்க வேண்டும். அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதம், நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதம், இவை சாதுவானவை, மூன்று மாதம் பூசிப் பார்த்துவிட்டுப் பேசலாம். ஹைட்ரோகுவினோன் வலுவானது, மருத்துவர் கண்காணிப்பில் இரண்டு மூன்று மாதம் மட்டும். வருஷக் கணக்கில் போட்டால் அதுவே நீலக்கறுப்புப் படிவை உண்டாக்கும். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூபைச் சிவப்பழகு க்ரீம் மாதிரி கடையில் வாங்கிப் பூசுவது நம் ஊரின் பெரிய நோய். புதுத்தோலில் ஸ்டீராய்டு பட்டால் தோல் காகிதமாக மெலியும், ரத்தக்குழாய் தெரியும், சுற்றிலும் வெளுக்கும்.

மேட்டின் கணக்கு வேறு. அதற்கு எதிரி இழுவை. நார்ச் செல் இழுபடும் வரை, காயம் இன்னும் பிரிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வேலையை நிறுத்தாது. 2015-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், எலியின் முதுகில் தழும்பு நார்களில் பெரும்பகுதியைக் கருவிலேயே 'எங்க்ரெய்ல்டு' என்ற மரபணு வேலை செய்த ஒரு குறிப்பிட்ட நார்ச் செல் பரம்பரையே நெய்கிறது என்று காட்டினார்கள். பிறகு அதே குழு, அந்தச் செல் இழுவையை உணரும் வழியை மருந்தால் அடைத்தபோது எலிப் புண்கள் தழும்பின்றி, முடியோடு ஆறின. மனிதருக்கு அப்படி ஒரு மருந்து கடைக்கு வரவில்லை. ஆனால் ஒரு ரோல் காகிதப் பிளாஸ்திரி இருக்கிறது. தையல் தழும்பின் மேல், நீளவாக்கில், தோலை லேசாகக் கூட்டிப் பிடித்து ஒட்டி, தானாக உரியும்போது மாற்றி, 12 வாரம். சிசேரியன் தழும்புகளில் இதன் பலன் சோதித்துக் காட்டப்பட்டிருக்கிறது.

தீப்புண் போன்ற அகலத் தழும்புக்குச் சிலிக்கோன் ஜெல் தாள். புண் முழுக்க மூடிய பிறகே வைக்க வேண்டும். தினமும் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் அதற்கு மேல், இரண்டு மூன்று மாதமாவது. சிலிக்கோன் உள்ளே ஊறி வேலை செய்வதில்லை. தோலிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. காய்ந்து தவிக்கும் மேல்தோல் செல், கீழே நார்ச் செல்லைத் தூண்டிக்கொண்டே இருக்கும், ஈரம் கிடைத்ததும் அந்தத் தூண்டல் தணிகிறது. சித்திரை, வைகாசியில் தாளுக்கடியில் வியர்வை தேங்கி வேர்க்குரு வரும், அதுவே அழற்சி, அதுவே கருமை. தாளைத் தினமும் சோப்பில் கழுவி, தோலை உலர்த்தி, பகலில் சில மணி நேரம் விட்டு, இரவில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். தோல் உறுதியானதும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம், விரலால் தழும்பு வெளுக்கும் அளவு அழுத்திச் சுழற்றித் தேய்க்கவும். மேலே வழுக்கிக்கொண்டு போனால் பயனில்லை, அடித்தோலோடு சேர்ந்து நகர வேண்டும்.

மேடு காயத்தின் எல்லைக்குள் நின்றால் அது சாதாரண மேட்டுத் தழும்பு, மாதங்கள் போக அடங்கும். எல்லை தாண்டி நண்டுக்கால் போலப் பரவினால் கீலாய்டு. காதுமடல், நடுநெஞ்சு, தோள்பட்டை, தாடை ஓரம் இதன் வாசஸ்தலங்கள். இதை வெட்டி மட்டும் எடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை மில்லிக்கு 10 முதல் 40 மி.கி. செறிவில், நான்கு முதல் ஆறு வார இடைவெளியில், தழும்புக்குள்ளேயே போட வேண்டும். தழும்புக்கு வெளியே கசிந்தால் சுற்றுத்தோல் குழிந்து வெளுக்கும், நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும்.

சாப்பாட்டில் பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்துகிறார்கள், சீழ் கட்டுமாம். நார் நெய்யப் புரதமும் வைட்டமின் சி-யும் வேண்டும். புண் ஆறும்வரை தினம் இரண்டு முட்டையும் ஒரு நெல்லிக்காயும் போதும், பத்தியத்தை மறந்துவிடலாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் களிம்பைவிட முதலில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, வெளுத்தே நின்றுவிட்ட தழும்புகள். வெள்ளை என்றால் நிறமிச் செல் செத்தது என்று எண்ணிவிடக் கூடாது. தீப்புண் தழும்புகளின் வெளுத்த பகுதியை ஆராய்ந்தபோது, அங்கே நிறமிச் செல்கள் இருந்தும் வேலை செய்யாமல் முடங்கியிருப்பது தெரிந்திருக்கிறது. முடிக்காலின் நடுவில் நிறமிச் செல்களின் தாய்ச்செல்கள் குடியிருக்கின்றன. தழும்பில் கறுப்பு முடி முளைக்கிறதா என்று பாருங்கள். முளைத்தால் முடியின் வாயைச் சுற்றிப் பழுப்புப் பொட்டுகள் தோன்றி ஒன்றோடொன்று சேர வாய்ப்புண்டு. ஒரு வருஷம் காத்திருக்கலாம். முடியே இல்லாத வழவழப்பான வெள்ளை என்றால், தொடையிலிருந்து அந்த வெள்ளைப் பகுதியின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய தோல் சீவி, டிரிப்சின் என்ற நொதியில் ஊறவைத்துச் செல்களைப் பிரித்து, வெள்ளைப் பகுதியைச் சுரண்டி அதன்மேல் அந்தக் கரைசலைப் பரப்பும் முறை இருக்கிறது. கட்டு ஒரு வாரம், நிறம் சேர மூன்று முதல் ஆறு மாதம்.

தோல் ஒட்டும்போது எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதும் நிறத்தைத் தீர்மானிக்கும். உள்ளங்கையும் பாதமும் வெளிறியிருப்பதற்குக் காரணம் கீழே இருக்கும் நார்ச் செல்கள். அவை டிகேகே1 என்ற புரதத்தைச் சுரந்து மேலே நிறமிச் செல்லை அடக்கி வைக்கின்றன. தோசைக்கல்லைத் தொட்டு விரல் மடங்கிப்போன குழந்தையின் உள்ளங்கையில் தொடைத் தோலை வைத்தால், அது உள்ளங்கை நடுவில் கறுப்புத் திட்டாகவே வளரும். பாதத்தின் உட்குழிவிலிருந்து எடுத்தால் நிறம் பொருந்தும், பிடிமானமும் கிடைக்கும். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன், எந்த இடத்துத் தோல் என்று பெற்றோர் கேட்டுக்கொள்வது நல்லது.